வீடு திரும்பக் கற்றுத் தருபவரே நமக்கு மாஸ்டர்



திருக்காட்டுப்பள்ளியிலும் சுற்றுவட்டக் கிராமங்களிலும் உள்ள மாணவர்கள் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "தற்காப்பு கத்துக்கணும். கராத்தே போகலாமா, சிலம்பம் போகலாமா, பாக்சிங் போகலாமா?"

கேள்வி நியாயமானது. பூதலூரில் ரயில் ஏறித் தஞ்சாவூருக்கும் திருச்சிக்கும் படிக்கப் போகிற பிள்ளைகள் நம் பிள்ளைகள். கடைசிப் பேருந்தில் இறங்கி ஊர்த்தெருவைத் தாண்டி, இருட்டில் வாய்க்கால் கரையோரம் காலனிக்கு நடக்கிறவர்களும் அவர்கள்தான். புது வண்டி வாங்கியதற்கும், நல்ல சட்டை போட்டதற்கும், டீக்கடையில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்ததற்கும் அடி விழுகிற சமூகத்தில் அவர்களுடைய பயத்தைக் கற்பனை என்று யாரும் தள்ளிவிட முடியாது.

ஆனால் எல்லோரும் கலையின் பெயரைத்தான் கேட்கிறார்கள். கற்றுத் தருகிற ஆளைப் பற்றி யாரும் கேட்பதில்லை. எந்தக் கலை என்பது இரண்டாவது கேள்வி. யார் சொல்லித் தருகிறார் என்பதே முதல் கேள்வி. தவறான ஆளிடம் கற்பது கற்காமல் இருப்பதைவிட ஆபத்து. பொய்யான தைரியம் வரும். ஓட வேண்டிய இடத்தில் நின்றுவிடுவோம். அதற்குப் பிறகு மருத்துவமனை, இல்லையென்றால் வழக்கு.

நம்மை எப்படித் தாக்குகிறார்கள்?

மாஸ்டரைத் தேடுவதற்கு முன்னால் இதற்குப் பதில் தெரிய வேண்டும். எந்தத் தாக்குதலிலிருந்து தற்காத்துக்கொள்ளப் போகிறோம்?

2016 மார்ச் 13. உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் அருகே பட்டப்பகலில் சங்கரையும் கௌசல்யாவையும் வெட்டினார்கள். பைக்கில் வந்தார்கள், பல பேர், கையில் அரிவாள். கண்காணிப்புக் கேமராவில் பதிவான அந்தக் காட்சியை நாடே பார்த்தது. ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சங்கர் உயிரிழந்தார்.

2023 ஆகஸ்ட். நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவரை, உடன் படித்த மாணவர்களே இரவில் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு. அதன் பிறகுதான் அரசு, மாணவர்களிடையே உள்ள சாதிய வன்மம் குறித்து ஆராய ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு நபர் குழுவை அமைத்தது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது. சாதியைக் காட்டும் கையில் கட்டும் கயிறுகளுக்குப் பள்ளிகளில் தடை வேண்டும் என்று அதில் பரிந்துரைத்தார்கள்.

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஒற்றைக்கு ஒற்றை என்ற சண்டை எங்கும் இல்லை. அவர்கள் கூட்டமாக வருகிறார்கள், ஆயுதத்தோடு வருகிறார்கள், நாம் எதிர்பாராத நேரத்தில் வருகிறார்கள். பல நேரம் நம்மைத் தெரிந்தவர்களாகவே இருக்கிறார்கள். மேடையில் நடுவர் விசில் ஊத, வணக்கம் வைத்துத் தொடங்குகிற சண்டைக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. வயல் வரப்பிலும், படித்துறையிலும், பேருந்துப் படிக்கட்டிலும் நடப்பதற்கு எந்த மாஸ்டர் நம்மைத் தயார் செய்கிறார் என்று பார்க்க வேண்டும்.

டெல்டாவின் பாடம்

காவிரி பிரிந்து பாய்கிற இந்த மண்ணுக்குத் திருப்பி அடிப்பதைப் பற்றி நீண்ட நினைவு இருக்கிறது. நம் ஊருக்குக் கிழக்கே, பழைய கீழத் தஞ்சையில், பண்ணையாட்களுக்குச் சவுக்கடியும் சாணிப்பாலும் தண்டனையாக இருந்த காலம் அது. 1940களில் பி. சீனிவாசராவ் அங்கே வந்து அவர்களைச் சங்கமாகத் திரட்டினார். அடித்தால் திருப்பி அடி என்று அவர் சொன்னதாக இன்றும் பெரியவர்கள் சொல்வார்கள். அந்தச் சொல்லை மட்டும் நாம் எடுத்து வைத்துக்கொண்டோம். அதைச் சுற்றி இருந்ததை மறந்துவிட்டோம். தனியாளாக எவனும் திருப்பி அடிக்கவில்லை. பின்னால் சங்கம் இருந்தது, கொடி இருந்தது, வேலைநிறுத்தம் இருந்தது, பேச்சுவார்த்தை இருந்தது. 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது அந்த அமைப்பின் பலத்தால்.

இன்னொரு பாடம் கசப்பானது. 1968 டிசம்பர் 25, கீழ்வெண்மணி. ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். அந்த வழக்கில் தண்டிக்கப்பட்ட நிலக்கிழார் தரப்பு, சென்னை உயர் நீதிமன்ற மேல்முறையீட்டில் விடுதலையானது. அதே இரவில் நிலக்கிழார் தரப்பு ஆள் ஒருவர் கொல்லப்பட்டதாகத் தனி வழக்கு நடந்தது. அதில் விவசாயக் கூலிகள் தண்டனை பெற்றார்கள். ஒரே இரவு, இரண்டு வழக்கு. யாருக்குச் சிறை, யாருக்கு விடுதலை என்று பாருங்கள்.

மற்றவர்களுக்குச் சண்டை அடியோடு முடிகிறது. நமக்கு அடிக்குப் பிறகு காவல் நிலையம் இருக்கிறது, கவுண்டர் கேஸ் இருக்கிறது, காலனியின் மீது கூட்டமாக வரும் பழிவாங்கல் இருக்கிறது. காவலர் தேர்வில் எல்லாச் சுற்றிலும் தேறிய தம்பி, நிலுவையில் உள்ள ஒரு வழக்கால் முன்நடத்தைச் சரிபார்ப்பில் தடுக்கப்படுகிறான். இதையெல்லாம் கணக்கில் எடுக்காத பயிற்சியை நடைமுறைப் பயிற்சி என்று எப்படிச் சொல்வது?

அண்ணல் இதைக் கணக்கில் எடுத்தவர். 1927 மார்ச் 20 அன்று மகாடில் சவுதார் குளத்தில் நம் மக்கள் தண்ணீர் குடித்தார்கள். அதன் பிறகு சாதி இந்துக் கும்பல் தடியோடு வந்து தாக்கியது. மாநாட்டுக்கு வந்தவர்களில் ராணுவத்தில் இருந்து வந்த மகர்கள் பலர் இருந்தார்கள். ஒரு சொல் சொல்லியிருந்தால் பதிலடி கொடுத்திருப்பார்கள், அந்தத் திறமை அவர்களிடம் இருந்தது. அம்பேத்கர் அவர்களை அமைதிப்படுத்தினார், காயம்பட்டவர்களைக் கவனித்தார், வழக்கை நடத்தினார். தாக்கியவர்களில் சிலர் சிறைக்குப் போனார்கள். அதற்காக அவர் தற்காப்பைக் கைவிடவில்லை. கட்டுப்பாடான தொண்டர் படையாக சமதா சைனிக் தளம் உருவானதும் அந்தக் காலத்தில்தான். அடிக்கத் தெரிந்தவர்களுக்கு எப்போது அடிக்கக் கூடாது என்பதும் தெரிய வேண்டும். நாம் தேடுகிற ஆசானுக்கு இதுவே அளவுகோல்.

சேருவதற்கு முன் பார்க்க வேண்டியவை

முதலில் போய் உட்கார்ந்து பாருங்கள். பணம் கட்டுவதற்கு முன் இரண்டு மூன்று வகுப்புகளை முழுதாகப் பாருங்கள். பெற்றோரையோ நண்பரையோ கூட்டிப் போங்கள். பார்க்கவே விடமாட்டேன் என்கிற மாஸ்டரிடம் சேராதீர்கள். சுவரில் மாட்டிய கோப்பைகளையும் அரசியல்வாதிகளோடு எடுத்த படங்களையும் விட்டுவிட்டு மாணவர்களைக் கவனியுங்கள். மூன்று ஆண்டு பயின்ற மாணவர் எப்படி நகர்கிறார்? புதிதாக வந்தவரிடம் மரியாதையாக நடந்துகொள்கிறாரா? மாஸ்டர் எப்படிப்பட்டவர் என்பதை மாணவர்கள் காட்டிவிடுவார்கள்.

எதிராளி எதிர்க்கிறானா? பல வகுப்புகளில் நடப்பது இதுதான். ஒருவர் கையை நீட்டிக்கொண்டு சிலை மாதிரி நிற்பார். மாஸ்டர் அந்தக் கையைப் பிடித்து, முறுக்கி, கீழே சாய்ப்பார். எல்லோரும் கைதட்டுவார்கள். வெளியில் யாரும் கையை நீட்டிக்கொண்டு காத்திருக்க மாட்டான். நல்ல வகுப்பில் முதலில் மெதுவாகக் கற்றுத் தருவார்கள், பிறகு எதிராளி உண்மையாகவே திமிறுவான், தள்ளுவான், கெட்ட வார்த்தை பேசுவான். தலைக்கவசமும் பல் கவசமும் போட்டுக்கொண்டு வாரத்துக்கு ஒரு முறையாவது அப்படிப் பழக வேண்டும். மூச்சு வாங்கும்போது, கை நடுங்கும்போது என்ன மிஞ்சுகிறதோ அதுதான் நாம் கற்றது.

சிலம்பத்துக்கும் இது பொருந்தும். அலங்காரச் சுற்று கண்ணுக்கு அழகு, உடலுக்கு நல்லது, நம் மண்ணின் கலை. அதை மதிக்கிறோம். ஆனால் கம்பு சுற்றத் தெரிவது வேறு, எதிரில் இருப்பவன் அடிக்க வரும்போது கம்பால் தடுக்கத் தெரிவது வேறு. குத்துவரிசையும் அடிமுறையும் தெரிந்த ஆசான்கள் இருக்கிறார்கள். எதிராளியோடு மோதிப் பழக வைக்கிறாரா என்று பாருங்கள். ஒரே தொடுதலில் ஆளைச் சாய்க்கும் வர்ம ரகசியம் தெரியும் என்பவரிடம், திமிறுகிற ஆள் மேல் காட்டச் சொல்லுங்கள்.

கத்தியைப் பிடுங்கக் கற்றுத் தருகிறேன் என்கிறாரா? நீங்களே சோதிக்கலாம். ஒருவர் பழைய வெள்ளை பனியன் போட்டுக்கொள்ளட்டும், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் வேண்டும். இன்னொருவர் கையில் மூடியைக் கழற்றிய ஸ்கெட்ச் பேனா. 20 நொடி அவர் நிஜமாகவே குத்த வரட்டும், இவர் கற்ற வித்தையால் தடுக்கட்டும். பிறகு பனியனில் எத்தனை கோடு என்று எண்ணுங்கள். நல்ல மாஸ்டர் இந்தச் சோதனையைத் தானே நடத்திக் காட்டி, ஆயுதத்தைப் பார்த்தால் ஓடு, ஓட முடியாதபோதுதான் மற்றதெல்லாம் என்பார். கெட்ட மாஸ்டர் கோபப்படுவார்.

ஓடவும் கத்தவும் சொல்லித் தருகிறாரா? ஓடுவது கோழைத்தனம் என்பது நிலவுடைமைக்காரன் கட்டிய கதை. எந்தச் சந்து எங்கே போய் முடியும், பேருந்தில் எங்கே உட்கார வேண்டும், கூட்டம் கூடும்போது எப்போது கிளம்ப வேண்டும், நாலு பேர் சூழ்ந்தால் எந்தப் பக்கம் நகர வேண்டும் என்பதெல்லாம் பயிற்சியின் பகுதிதான். லுங்கியிலும், சுடிதாரிலும், செருப்போடும், தோளில் பையோடும், ஈர மண்ணிலும் பழக வைக்கிறாரா? வாழ்க்கையில் எப்போதும் வெள்ளைச் சீருடை போட்டுக்கொண்டா நடக்கிறோம்?

ரத்தத்தை நிறுத்தத் தெரியுமா? வெட்டுப்பட்டவர்களில் பலர் ரத்தம் போயே இறக்கிறார்கள். காயத்தின் மேல் துணியை வைத்துக் கையால் அழுத்திப் பிடிப்பது, அழுத்தத்தை இடையில் எடுக்காமல் இருப்பது, 108ஐ அழைத்து இடத்தைத் தெளிவாகச் சொல்வது ஆகியவற்றை ஒரு மணி நேரத்தில் கற்றுவிடலாம். ஒரு வருடக் குத்து உதையைவிட இது அதிக உயிர்களைக் காப்பாற்றும். முதலுதவிப் பெட்டி இல்லாத பயிற்சிக் களத்தைப் பார்த்தால் வெளியே வந்துவிடுங்கள். தலையில் அடிபட்டவரை உட்கார வைக்காமல் மறுபடி சண்டைக்கு விடுகிறவரும், வலி தாங்குகிறவனே ஆம்பளை என்று பேசுகிறவரும் நமக்கு வேண்டாம்.

பெல்ட்டுக்கும் கட்டணத்துக்கும் கணக்குக் கேளுங்கள். மாதக் கட்டணம், சீருடை, பெல்ட் தேர்வு, போட்டி, சான்றிதழ் என்று எல்லாம் சேர்த்து ஒரு வருடத்துக்கு எவ்வளவு? முதல் நாளே எழுதி வாங்குங்கள். ஒரே வருடத்தில் பிளாக் பெல்ட் தருகிறவர் பெல்ட்டைத்தான் விற்கிறார். நடவுக்கும் களையெடுப்புக்கும் போய் அம்மா கொண்டு வருகிற கூலி அது.

சாதி களத்துக்குள் இருக்கிறதா?

மாஸ்டர் நம் ஆளாகத்தான் இருக்க வேண்டுமா என்று கேட்கிறார்கள். அவசியமில்லை. பிற சமூகத்தில் பிறந்து நம் பிள்ளைகளைத் தம் பிள்ளைகளாக வளர்க்கும் ஆசான்களும் உண்டு, நம்மில் பிறந்து நம்மையே விற்பவர்களும் உண்டு. அவர் எங்கே பிறந்தார் என்பதைவிட, களத்தில் எப்படி நடத்துகிறார் என்பதே முக்கியம்.

சேரும்போது எந்தத் தெரு என்று கேட்கிறாரா? ஜோடி பிரிக்கும்போது எல்லோரும் எல்லோரோடும் பழகுகிறார்களா, காலனிப் பிள்ளைகள் மட்டும் தங்களுக்குள்ளேயே பழகுகிறார்களா? கையில் சாதிக் கயிறு கட்டிக்கொண்டு வருகிற மாணவனிடம் கழற்றிவிட்டு வா என்று சொல்கிறாரா? குடிநீர்ப் பானை ஒன்றா? பயிற்சி நடக்கும் இடம் நம்மை உள்ளே விடாத கோயிலின் வாசலா? சாதித் தலைவரின் குருபூஜை ஊர்வலத்துக்கு மாணவர்களைக் கம்போடு அழைத்துப் போகிறாரா? இவற்றுக்குப் பதில் கிடைத்தால் அவர் யாரென்று தெரிந்துவிடும்.

இதே கேள்வியை நம் பக்கமும் கேட்க வேண்டும். தலைவருக்குப் பாதுகாப்பு, சுவரொட்டிக்குக் காவல், பஞ்சாயத்துக்கு ஆள் பலம் என்று மாணவர்களை அடியாட்களாக மாற்றுகிற மாஸ்டர்கள் எல்லாக் கொடியின் கீழும் இருக்கிறார்கள். நீலக் கொடி பிடித்தாலும் அதுவே தவறு. பிள்ளைகளின் பெயரில் ஒரு வழக்கு விழுந்துவிட்டால் அவர்களுடைய படிப்பும் வேலையும் போகும். அவர் அடுத்த வருடம் வேறு பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்வார்.

பெண் பிள்ளைகளின் பாதுகாப்பு

2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் நடந்ததை மறக்கக் கூடாது. ஒரு தனியார் பள்ளியில் என்.சி.சி. முகாம் என்ற பெயரில் பயிற்சி நடந்தது. பயிற்சியாளர் என்று வந்தவர் போலி. அந்த முகாமுக்கும் என்.சி.சி.க்கும் தொடர்பே இல்லை. அங்கே மாணவிகள் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள். சீருடையையும் விசிலையும் பார்த்து நம்பினார்களே தவிர, இவர் யார் என்று யாரும் சரிபார்க்கவில்லை.

தற்காப்புப் பயிற்சியில் உடலைத் தொட்டுத்தான் கற்றுத் தர வேண்டும். அதனாலேயே இங்கே விதிகள் கறாராக இருக்க வேண்டும். கதவு திறந்திருக்க வேண்டும். பெற்றோர் எந்த நேரமும் வந்து பார்க்கலாம். தொடுவதற்கு முன் மாஸ்டர் சொல்லிவிட்டுத் தொட வேண்டும், வேண்டாம் என்றால் நிறுத்த வேண்டும். தனி வகுப்பு, இரவு நேரத் தனி மெசேஜ், போட்டிக்காக வெளியூரில் தங்கும்போது பெண் பொறுப்பாளர் இல்லாமல் அழைத்துப் போவது ஆகிய எதுவும் கூடாது. மாஸ்டரின் ஆதாரையும், சான்றிதழ் தந்த சங்கத்தையும், முன்பு பயிற்சி தந்த இடத்தையும் விசாரியுங்கள். 18 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைக்கு ஏதாவது நடந்தது தெரிந்தால், போக்சோ சட்டப்படி புகார் சொல்வது தெரிந்த ஒவ்வொருவரின் கடமை. 1098க்கு அழைக்கலாம். சங்கத்தின் பெயர் கெட்டுவிடும் என்று மூடி மறைப்பது குற்றம்.

பெண்களுக்கான பயிற்சியில் என்ன இருக்க வேண்டும் என்பதற்கு நல்ல சான்று கனடாவில் இருக்கிறது. 2015இல் வெளியான ஆய்வு அது. மூன்று பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த 893 முதலாண்டு மாணவிகளை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு மொத்தம் 12 மணி நேரப் பயிற்சி, இன்னொரு பிரிவுக்குத் துண்டறிக்கை மட்டும். ஓர் ஆண்டில் துண்டறிக்கைப் பிரிவில் நூற்றுக்குச் சுமார் 10 பேர் வல்லுறவுக்கு ஆளாகியிருந்தார்கள், பயிற்சிப் பிரிவில் சுமார் 5 பேர். அந்த 12 மணி நேரத்தில் குத்து உதை ஒரு பகுதி மட்டுமே. தெரிந்த ஆண் எல்லை மீறும் அறிகுறிகளைக் கண்டுகொள்வது, அவன் மனம் நோகுமே என்ற தயக்கத்தை உடைப்பது, உரக்க வேண்டாம் என்று சொல்வது ஆகியவையும் பாடமாக இருந்தன.

நம் பெண் பிள்ளைகளுக்கு ஆபத்து பெரும்பாலும் முன்பின் தெரியாதவனிடமிருந்து வருவதில்லை. வயல்காரன், உடன் படிப்பவன், உறவுக்காரன், வேலை கொடுப்பவன் என்று தெரிந்த முகமாகவே வருகிறது. "இருட்டுல போகாத, துப்பட்டாவை ஒழுங்கா போடு" என்று அறிவுரை சொல்லித் தருவதைத் தற்காப்பு என்கிற மாஸ்டர் வேண்டாம். பெண் பயிற்சியாளர் கிடைத்தால் அவருக்கே முன்னுரிமை. லக்னோவில் உஷா விஸ்வகர்மா தொடங்கிய ரெட் பிரிகேடில், பாதிக்கப்பட்ட பெண்களே பயின்று மற்றவர்களுக்குக் கற்றுத் தருகிறார்கள். தஞ்சையில் ஏன் முடியாது?

சட்டம் தெரிந்த மாஸ்டர்

தற்காப்பு சட்டப்படி உரிமை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரை இருந்த பிரிவுகள், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை இருக்கின்றன. நம் உடலை மட்டுமல்ல, பிறர் உடலைக் காக்கவும் உரிமை உண்டு. 2010இல் தர்ஷன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விளக்கியது. ஆபத்து வரும் என்ற நியாயமான அச்சம் போதும், முதல் அடி விழும்வரை காத்திருக்கத் தேவையில்லை. உயிருக்குப் பயந்து நிற்பவர் தராசில் நிறுத்து அடிக்க முடியாது என்பதையும் சட்டம் ஏற்கிறது. ஆனால் தேவைக்கு மேல் அடிக்கக் கூடாது. ஆபத்து நீங்கிய பிறகு விரட்டிப் போய் அடித்தால் அது தற்காப்பு ஆகாது, பழிவாங்கல். கீழே விழுந்தவனை மிதிக்கச் சொல்லித் தருகிற மாஸ்டர் நம்மைச் சிறைக்கு அனுப்பப் பயிற்சி தருகிறார்.

பிறகு நடக்க வேண்டியதையும் சண்டை அசைவுகள் மாதிரியே ஒத்திகை பார்க்க வேண்டும். காயம் சிறியதாக இருந்தாலும் அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். யார், எதனால், எங்கே அடித்தார்கள் என்று மருத்துவரிடம் சொல்லி விபத்துப் பதிவேட்டில் எழுத வைக்க வேண்டும். எந்தக் காவல் நிலையத்திலும் புகார் தரலாம், எங்கள் எல்லை இல்லை என்று திருப்பி அனுப்ப முடியாது. சாதியைச் சொல்லித் திட்டியிருந்தால், பொது இடத்தில் அவமதித்திருந்தால், அதைப் புகாரில் அப்படியே எழுத வேண்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 18ஏ பிரிவுப்படி முதல் தகவல் அறிக்கைக்கு முன் பூர்வாங்க விசாரணை தேவையில்லை. விசாரிக்க வேண்டியவர் டி.எஸ்.பி. நிலை அதிகாரி. கடமையை வேண்டுமென்றே செய்யாத அரசு ஊழியருக்கு 4ஆவது பிரிவில் தண்டனை உண்டு. 14566 என்ற தேசிய உதவி எண்ணிலும் புகார் சொல்லலாம். முதலில் புகார் கொடுத்தவரின் பக்கமே வழக்கு நிற்கிறது. கவுண்டர் கேஸ் வரும் என்று தெரிந்தே வேகமாக நடக்க வேண்டும்.

இதையெல்லாம் மாஸ்டரே மனப்பாடமாகச் சொல்ல வேண்டியதில்லை. மாதம் ஒரு நாள் ஒரு வழக்கறிஞரை வகுப்புக்கு அழைக்கச் சம்மதிக்கிறாரா? அது போதும்.

இரண்டு எதிர்வாதங்கள்

பாதுகாப்பு தர வேண்டியது அரசு, அந்தப் பொறுப்பை ஏன் நம் பிள்ளைகள் தோளில் ஏற்ற வேண்டும் என்கிறார்கள் சில தோழர்கள். பொறுப்பு அரசுடையதுதான். அதை ஒரு நாளும் விட்டுத்தர மாட்டோம். தாக்கப்பட்டவரைப் பார்த்து நீ ஏன் கற்றுக்கொள்ளவில்லை என்று கேட்பவர் தாக்கியவரின் பக்கம் நிற்கிறார். ஆனால் காவல்துறை வந்து சேரும்வரை உள்ள அந்த ஐந்து நிமிடம் நம் பிள்ளைகளுடையது. அதற்குத்தான் இந்தப் பயிற்சி.

பயிற்சியெல்லாம் எதற்கு, நாமும் ஆயுதம் வைத்துக்கொள்வோம் என்கிறார்கள் வேறு சிலர். 1995இன் வன்கொடுமைத் தடுப்பு விதிகளில் 3ஆவது விதி, பதற்றமான பகுதிகளில் தேவை என்றால் நம் மக்களுக்குத் துப்பாக்கி உரிமம் தரவும் அரசுக்கு இடம் கொடுக்கிறது. நமக்குள்ள ஆபத்தைச் சட்டமே ஒப்புக்கொண்டிருக்கிறது என்பதற்கு இது சான்று. ஆனால் இடுப்பில் கத்தி செருகிக்கொண்டு கல்லூரிக்குப் போகும் தம்பி பாதுகாப்பாக இல்லை. சோதனையில் பிடிபட்டால் வழக்கு. சண்டையில் அது கைமாறினால் அவன் உயிர். கட்டுப்பாடு இல்லாத கோபத்தை நம் எதிரிகள் மிகவும் விரும்புகிறார்கள்.

என்ன செய்யலாம்?

தனியாகப் போய்ச் சேராதீர்கள். பத்துப் பேராகச் சேர்ந்து போங்கள், அதில் பாதிப் பேராவது பெண் பிள்ளைகளாக இருக்கட்டும். பத்துப் பேர் சேர்ந்து கேட்டால் மாஸ்டர் விதிகளுக்குச் சம்மதிப்பார், கட்டணமும் குறையும். பெற்றோர் இருவர், பெண் ஒருவர், சட்டம் தெரிந்தவர் ஒருவர் என்று ஒரு சிறு பொறுப்புக் குழு இருக்கட்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை உட்கார்ந்து என்ன கற்றோம், யாருக்குக் காயம், யாருக்குச் சங்கடம் என்று பேசுங்கள். பெண் பிள்ளைகளிடம் பெண் பொறுப்பாளர் தனியே கேட்கட்டும். முடிந்தவரை நம் இரவுப் பாடசாலைத் திடலிலேயே பயிற்சி நடக்கட்டும். அரசுப் பள்ளிகளுக்கான சமக்ர சிக்ஷா திட்டத்தில் மாணவிகளுக்குத் தற்காப்புப் பயிற்சிக்கும் இடம் உண்டு. உங்கள் பள்ளியில் அது நடக்கிறதா, யார் கற்றுத் தருகிறார், எத்தனை நாள் வந்தார் என்று பள்ளி மேலாண்மைக் குழுவில் கேளுங்கள். கேட்கிற உரிமை பெற்றோருக்கு உண்டு.

கடைசியாக மாஸ்டரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "ஆறு மாதம் உங்களிடம் படித்தால் நான் என்ன ஆவேன்?" பத்துப் பேரை அடிப்பாய் என்றால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். சண்டையை முன்கூட்டியே கண்டுகொள்வாய், முடிந்தால் விலகுவாய், முடியாவிட்டால் தப்பிக்கிற அளவுக்கு அடிப்பாய், அன்றிரவு வீட்டில் சோறு சாப்பிடுவாய், மறுநாள் காலையில் தலை நிமிர்ந்து புகார் கொடுப்பாய் என்று சொல்கிற ஆள் இருக்கிறாரா? அவர் கராத்தே மாஸ்டரோ, சிலம்ப ஆசானோ, பாக்சிங் கோச்சோ, அவரிடம் சேருங்கள். போகும்போது பக்கத்து வீட்டுத் தங்கையையும் கூட்டிப் போங்கள்.

ஜெய்பீம்.